பின்னால் போக இடமில்லாத இடத்தில்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் கடைசி இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து சேருங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் தொழில். இப்போது ஓய்வு நேரத்தில் கோயில்களைப் படம் எடுக்கும் ஆசை வந்திருக்கிறது. "சார், வைடு ஆங்கிள் பிரைம் லென்ஸ் ஒண்ணு வாங்கப் போறேன். 20 வாங்கட்டுமா, 24 வாங்கட்டுமா, 28 வாங்கட்டுமா?" என்று கேட்டான். "24 வாங்கிக்கோ" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். முடியவில்லை. இந்தக் கேள்வியை 1992-இல் நான் யாரிடமாவது கேட்டிருந்தால், நம் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றின் கல்வெட்டு இன்றைக்கு முழுசாக இருந்திருக்கும். அதனால் உட்கார வைத்துப் பாடம் எடுத்துவிட்டேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. அப்போது என்னிடம் இருந்தது ஒரு பென்டாக்ஸ் கேமரா. சொல்தா பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த என் மாமா பிரான்சிலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்தது. புதுச்சேரிக்காரர்களுக்கு சொல்தா என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர். கேமராவோடு வந்தது 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே ஒன்று. அதுவே எனக்குப் பெரிய பெருமை. 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் படம் எடுத்த கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் 50-இல்தான் எடுத்தார் என்று எங்கோ படித்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன். அவருக்குக் கல்வெட்டு வரிகளைப் பதிவு செய்ய வேண்டிய வேலை இருக்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த ஊர்ச் சிவன் கோயிலில் திருப்பணி தொடங்குகிறது, கற்களைப் பிரித்து அடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஓடினேன். கருவறையைச் சுற்றி அதிட்டானத்தில் சோழர் காலத்து எழுத்து. விமானத்துக்கும் மதிலுக்கும் நடுவில் ஆறடி இடைவெளிதான். மதிலில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் 50 மி.மீ. லென்ஸில் சுமார் நாலேகால் அடி அகலம்தான் தெரியும். 36 படம் உள்ள கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள் ஒன்றுதான் கையில். சுருளை வீணாக்கக் கூடாது என்ற கஞ்சத்தனத்தில் ஒரு படம் முடிந்த இடத்தைத் தாண்டி அடுத்த படத்தைத் தொடங்கினேன். எழுத்து நன்றாகத் தெரிகிற கல்லாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். படங்கள் அருமையாக வந்தன. ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரியும்.

கும்பாபிஷேகம் முடிந்து சில வருடங்கள் கழித்துக் கல்வெட்டு படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துப்போனேன். அவர் ஒரு சுற்று சுற்றி வந்தார். கற்கள் இடம் மாறியிருந்தன. ஒன்று தலைகீழாக இருந்தது. சில கற்கள் இல்லவே இல்லை. தரைக்குக் கீழே போயிருக்கலாம். என் படங்களை விரித்து வைத்தோம். "ஐயா, இந்தக் கல்லுக்கு வலப்பக்கம் எந்தக் கல்?" என்று ஒரு படத்தைக் காட்டிக் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. என் 36 படங்களில் எந்த இரண்டும் ஒன்றை ஒன்று தொடவில்லை. தானம் கொடுத்தவர் பெயர் ஒரு படத்தில் இருக்கிறது. நிலத்தின் எல்லை வேறொரு படத்தில். அந்த நிலம் இவர் கொடுத்ததுதானா என்பதற்குப் பதில் இல்லை. இருபது வருடம் வகுப்பில் ஆதாரம் ஆதாரம் என்று கத்தியவன் நான்.

இந்த இடத்தில் தஞ்சாவூருக்குப் போக வேண்டும். ஏனென்றால் நான் 36 படத்தில் செய்யாததை, அதைவிடக் கடினமான இடத்தில், அதைவிட மோசமான கருவியோடு ஒருவர் 21 படத்தில் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

லின்னேயஸ் டிரைப். 1822-இல் பிறந்த ஆங்கிலேயர், சென்னைப் படையில் அதிகாரி. 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு போய்ப் படம் எடுத்தவர். 1856-இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 முடியும் தறுவாயில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று 1858-இல் அவர் எடுத்த படங்கள்தாம் நம் பெரிய கோயில்களின் மிகப் பழைய புகைப்படங்களில் முக்கியமானவை. பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதத்தில் எடுத்த பெரிய நெகடிவ்கள், ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 15 அங்குலம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவருக்கு முன்னால் இருந்த சிக்கல், விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டு. தூரத்திலிருந்து எடுத்தால் எழுத்து தெரியாது. கிட்டப் போனால் ஒரு துண்டுதான் விழும். நேர்கோட்டை வளைக்காமல் அகலமாக வாங்குகிற லென்ஸ் அன்றைக்கு உலகத்திலேயே இல்லை. டிரைப் கேமராவைச் சுவருக்கு இணையாக, ஒரே தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனார். ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்தின் ஓரத்தோடு சேருகிற மாதிரி எடுத்தார். அப்படி எடுத்த 21 படங்களை ஒட்டினால் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படம்! கணினி இல்லை, பனோரமா பொத்தான் இல்லை.

ராஜராஜன் தான் கொடுத்தது, தன் அக்காள் கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன ஆணை அந்த விமானத்தில்தான் இருக்கிறது. அவற்றை ஹுல்ஷ் முறையாகப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் வெளியிடத் தொடங்கியது 1891-இல். அதற்கு 33 வருடம் முன்பே, டிரைப் வரிசை குலையாமல் ஒரு நீளத்தை எடுத்து வைத்துவிட்டார்.

வரிசை என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டைச் சொல்கிறேன். 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அந்த வீட்டில் இருப்பவள் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று வரிசையாகப் போகும். ஒரு கல் இடம் மாறினால் ஒருத்தி வேறொருத்தி வீட்டில் குடியேறிவிடுவாள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு தெரு நமக்குக் கிடைத்திருப்பது வரிசையால்தான்.

டிரைப்புக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதெல்லாம் அரசாங்கத்துக்கு வேண்டாத ஆடம்பரச் செலவு என்று முடிவு கட்டினார். 1860-உடன் வேலை போயிற்று. செலவுக் கணக்கு பார்ப்பவர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான்.

அவர் விலகிய சமயத்தில்தான் அகல லென்ஸ்கள் வரத் தொடங்கின என்பது வேடிக்கை. 1860களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஹாரிசனும் ஷ்னிட்சரும் குளோப் என்ற லென்ஸைக் கொண்டுவந்தார்கள். வெளிப்பக்க வளைவுகள் சேர்ந்து ஓர் உருண்டை மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். 1900-இல் ஜெர்மனியின் கோர்ஸ் நிறுவனத்துக்காக எமில் ஃபான் ஹோயேக் வடிவமைத்த ஹைபர்கான் 135 பாகைக்கு மேல் பார்த்தது. இரண்டே மெல்லிய, குழிந்த கண்ணாடிகள். நடுவில் வெளிச்சம் அதிகமாகவும் ஓரத்தில் மிகக் குறைவாகவும் விழும். அதைச் சரிசெய்ய லென்ஸுக்கு முன்னால் நட்சத்திர வடிவத்தில் ஒரு குட்டிக் காற்றாடி. படம் எடுக்கும்போது ரப்பர் பந்தை அமுக்கிக் காற்று ஊதினால் அது சுழன்று நடுப்பகுதி வெளிச்சத்தை மறைக்கும். இந்தக் காற்றாடி லென்ஸைப் பற்றிச் சொன்னபோதுதான் என் மாணவன் முதல் தடவையாகச் செல்போனைக் கீழே வைத்தான்.

நம் கைக்கு வந்த கேமராக்களுக்கு வேறொரு தடை இருந்தது. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி மேலும் கீழும் போய் வர இடம் வேண்டும். நிக்கான் எஃப் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் 46.5 மி.மீ. தூரம். ஆனால் 24 மி.மீ. லென்ஸ் சாதாரண அமைப்பில் ஃபிலிமிலிருந்து அவ்வளவு தள்ளி நின்று படத்தைக் குவிக்காது. 1950-இல் பிரான்சின் பியேர் ஆன்ஜெனியூ ஒரு வழி கண்டார்: முன்னால் பெரிய குழிவில்லைகளை வைத்து, பின்பக்கம் தூரத்தை நீட்டிவிட்டார். 35 மி.மீ. லென்ஸ். ரெட்ரோஃபோக்கஸ் என்று அவர் வைத்த வியாபாரப் பெயரே பிறகு அந்த வகைக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது. இதில் கிட்டத்தில் எடுக்கும்போது ஓரம் மங்கும் குறை இருந்தது. 1967-இல் வந்த நிக்கோர் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில், கிட்டத்துக்குத் திருப்பும்போது உள்ளே இருக்கும் வில்லைகளின் இடைவெளியும் சேர்ந்து மாறும்படி செய்தார்கள். குறுகலான திருச்சுற்றில் சுவரைப் படம் எடுப்பவனுக்கு உண்மையில் விடிவு வந்தது அப்போதுதான். நான் 2003-இல் சென்னையில் பழைய கைமாறின லென்ஸாக வாங்கியதும் அந்தக் குடும்பத்தில் பிந்தைய ஒன்றுதான்.

சரி, எந்த லென்ஸ்? ஒரு சின்னக் கணக்கு. முழு அளவு சென்சாரின் அகலம் 36 மி.மீ., உயரம் 24. நீங்கள் நிற்கும் தூரத்தை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், சுவரில் எவ்வளவு அகலம் விழும் என்று வந்துவிடும். பத்தடி தள்ளி நின்றால் 50-இல் 7 அடி சொச்சம், 35-இல் 10 அடி சொச்சம், 28-இல் ஏறக்குறைய 13, 24-இல் 15, 20-இல் 18. எனக்கு 24 பிடித்துப்போனதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். தூரம் எவ்வளவோ அவ்வளவே உயரம், அதில் ஒன்றரை மடங்கு அகலம். பார்த்த உடனே மனசுக்குள் சட்டம் விழுந்துவிடும். சென்சார் சின்னதாக உள்ள கேமரா வைத்திருப்பவர்கள் 16 மி.மீ. பார்க்கலாம், ஏறக்குறைய அதே கணக்கு வரும்.

20 இன்னும் அகலம்தானே என்றால், ஆமாம். ஆனால் ஓரத்தில் நிற்கும் தூண் பூசணிக்காய் மாதிரி வீங்கும். ஓரத்தில் ஆள் நின்றால் கேட்கவே வேண்டாம். இருட்டு மண்டபத்துக்குள் வேறு வழியில்லாதபோது 20. தேர், திருவிழா, கடைத்தெரு என்றால் 28 அல்லது 35 போதும். கல்வெட்டுச் சுவருக்கு 24. இது என் தீர்ப்பு. சண்டைக்கு வருபவர்கள் பின்னூட்டத்தில் வரலாம்.

ஜூம் ஏன் வேண்டாம் என்பதற்கு என் பதில் கொஞ்சம் வாத்தியார்த்தனமானது. ஜூம் கையில் இருந்தால் நாம் நின்ற இடத்திலேயே நின்று லென்ஸை முன்னும் பின்னும் திருகுவோம். ஒரு படம் 24-இல், அடுத்தது 31-இல், அதற்கடுத்தது 27-இல். ஒட்டிப் பார்த்தால் எழுத்துகளின் அளவு ஒன்றுக்கொன்று ஒத்துவராது. மாறாத லென்ஸ் இருந்தால் கால்தான் நகர வேண்டும். டிரைப் செய்ததும் அதுதான். தவிர, மலிவு ஜூம்களில் அகல முனையில் நேர்கோடு வயிறு தள்ளும். அதிட்டானத்தின் பட்டிகை வாழைப்பழம் மாதிரி வளையும்.

பயன்படுத்தும் முறை பற்றி இரண்டொன்று. கேமராவை மேலே அண்ணாந்து காட்டினால் விமானம் பின்னால் சாயும். மட்டமாகப் பிடித்து, தேவையில்லாத தரையை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். துளையை எஃப் 8-இல் வைத்து, தூர வளையத்தை 2.5 மீட்டரில் நிறுத்தினால் ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். பழைய லென்ஸ்களில் இந்த எண்கள் உடம்பிலேயே பொறித்திருக்கும். வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருந்தால் வேண்டாம். நம் கடலோர ஈரத்துக்கு நல்ல லென்ஸுக்கே ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை வரும். என்னுடையது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில்தான் தூங்குகிறது.

இன்னொன்று. அகல லென்ஸ் பொருளோடு அதன் முகவரியையும் சேர்த்து எடுக்கும். 1955-இல் ழான் ஃபிலியோசா தலைமையில் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அடுத்த வருடமே கோயில்களைப் படம் எடுக்கத் தொடங்கியது. பி. இசட். பட்டாபிராமின் போன்றவர்கள் அலைந்து திரிந்து சேர்த்த அந்தத் தொகுப்பில் இன்று 1,60,000-க்கு மேல் படங்கள் உள்ளன. பல வருடம் ஆராய்ச்சியாளர்கள் மட்டும் புரட்டிய தொகுப்பு, சிலைத் திருட்டு வழக்குகள் வந்தபோது சாட்சி ஆயிற்று. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் வரை போய், 2014 செப்டம்பரில் ஸ்ரீபுரந்தான் நடராசரோடு சேர்ந்து திரும்பி வந்தார். அந்த அடையாளம் காணும் வேலையில் நம் ஊர்ப் பழைய படங்களும் உதவின. செப்புத் திருமேனிக்கு முகவரி அதன் பீடமும் பக்கத்துத் திருமேனிகளும். கோட்டச் சிற்பத்துக்கு முகவரி கோட்டம், இரு பக்கத்து அரைத்தூண், மேலே உள்ள தோரணம். முகத்தை மட்டும் அழகாக எடுத்த படம் 'இவர் யார்' என்று சொல்லும். 'எங்கே இருந்தார்' என்பதற்கு இரண்டடி தள்ளி எடுத்த படம் வேண்டும்.

நம் பகுதிக்கு இது புதிதில்லை. கிருமாம்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் பாகூர். பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் அங்கே இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை மானியமாகக் கொடுத்ததை பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. (பள்ளிக்கூடத்துக்கு மூன்று ஊர்! எங்கள் காலத்தில் சுண்ணாம்புக்கட்டிக்கே மனுப் போட்டோம்.) மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் எழுத்து இருக்கிறது. அந்தக் கோயில் உள்பட நம் மாநிலக் கல்வெட்டுகளை பாகூர் குப்புசாமி அவர்கள் ஊர் ஊராகத் திரிந்து தொகுத்தார். 2006-இல் அந்தத் தொகுப்பின் முதல் பகுதி அச்சானது. அவர் தொகுத்தவை காகிதத்தில் பிழைத்துவிட்டன. சுவரில் இருப்பவை நம் பொறுப்பு.

என் மாணவன் லென்ஸ் வாங்க அவசரப்பட்டதற்குக் காரணம் கடைசியில்தான் தெரிந்தது. "சார், எங்க மாமனார் ஊர்க் கோயில்ல அடுத்த மாசம் பாலாலயம். சுத்திலும் எழுத்து இருக்கு. டைல்ஸ் போடப் போறாங்களாம்." இதை முதலிலேயே சொல்லியிருந்தால் காற்றாடிக் கதையை விட்டிருப்பேன். லென்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், என்னுடையதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிருமாம்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் கூடுகிறோம். கோயில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியாயிற்று. கருவறைக்குள் படம் கிடையாது. தை மாதம் என்பதால் காலை வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வரும், தெற்குச் சுவர் எழுத்து எட்டு மணிக்குள் நன்றாக எழும்பித் தெரியும். வடக்குச் சுவருக்கு வெயிலே வராது, யார் வீட்டிலாவது ஆளுயரக் கண்ணாடி இருந்தால் கொண்டுவாருங்கள், வெயிலைத் திருப்பி அடிக்கலாம்.

ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது மறுபடி வாங்க வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் கீழே எண் எழுதிய வெள்ளைத்தாள் ஒன்றும் அளவுநாடாவும் தெரிய வேண்டும். கல்லின் மேல் யாரும் சாக்பீஸால் எழுதக் கூடாது, பழைய மாணவர்கள் உட்பட. ஒரு ஏணி, தரையில் விரிக்கப் பழைய பாய், அரிசி மாவு தேய்க்கலாமா என்று கேட்காத நாலு பேர், இவ்வளவும் தேவை. இட்லி என் பொறுப்பு.